முந்திரிக் கொட்டையை ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக இறக்கலாமா?

கேள்வி, பிப்ரவரி 9

காடாம்புலியூர் பக்கம் எங்களுக்குச் சின்ன முந்திரி ஆலை. அப்பா காலத்திலிருந்து தூத்துக்குடி இறக்குமதிக்காரர்களிடம் கொட்டை வாங்கித்தான் உடைக்கிறோம். இந்த சீசனில் ஒரு 20 அடி கண்டெய்னராவது ஐவரி கோஸ்ட்டிலிருந்து நேரடியாக எடுக்கலாம் என்று இருக்கிறேன். அபிஜானில் ஒரு பார்ட்டி வாட்ஸ்அப்பில் கிடைத்திருக்கிறார். நன்றாகப் பேசுகிறார். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி டாக்குமெண்ட் வந்ததும். லோடிங்கின்போது இன்ஸ்பெக்ஷன் சர்டிபிகேட் எடுத்துத் தருவாராம், அவுட்டர்ன் 48. சர்டிபிகேட் இருந்தால் தைரியமாக இறங்கலாம்தானே? அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு 11:50

போதாது தம்பி.

யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாள், ஏதோ சில மூட்டைகளில் கை விட்டு எடுத்த கொட்டையைப் பற்றித்தான் சர்டிபிகேட் பேசும். உங்கள் கண்டெய்னருக்குள் போனது அந்தக் கொட்டைதானா என்பதை அது சொல்லாது.

என் கதை சுருக்கமாக. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. எங்கள் தோப்பில் காலையில் போய்ப் பார்த்தால் நின்றுகொண்டிருந்த மரங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். புது மரம் வைத்துக் காய்க்கும்வரை ஆலையை மூட முடியுமா? அப்படித்தான் 2013ல் வெளிநாட்டுக் கொட்டைக்கு வந்தேன். அதுவரை பாஸ்போர்ட்கூட எடுத்தது கிடையாது.

48 என்றால் என்ன என்று தெரிந்துகொண்டீர்களா? ஒரு கிலோ கொட்டையை வெட்டி, மேல்தோலோடு இருக்கும் பருப்பை நிறுத்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு விழும் என்று பார்ப்பதுதான். கிராமை 80ஆல் பெருக்கி 453.6ஆல் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, நல்ல பருப்பு 255 கிராம், புள்ளி விழுந்ததும் பிஞ்சும் 30 கிராம், ஆக 285. அவுட்டர்ன் 50.3.

மீதி நாளை. கண் சொருகுகிறது.

பிப்ரவரி 10, காலை 6:15

நேற்று எழுதிய கணக்கு தப்பு. கொல்லத்து நண்பர் ஒருவர் ராத்திரியே காதைப் பிடித்துத் திருகிவிட்டார். புள்ளியும் பிஞ்சும் பாதி எடைதான் சேரும். 255உடன் 15, ஆக 270. அவுட்டர்ன் 47.6. சொத்தையும் வெறுங்கொட்டையும் சேரவே சேராது.

அழிக்காமல் விட்டுவைக்கிறேன். அரைத் தூக்கத்தில் நான் செய்த இதே தப்பை அங்கே பகல் வெளிச்சத்தில் செய்கிறார்கள். சர்டிபிகேட்டில் மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல் நல்லது எவ்வளவு, புள்ளி எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துத் தர மாட்டேன் என்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 10, மதியம்

இன்னொன்று விட்டுப்போயிற்று. கிலோவுக்கு எத்தனை கொட்டை என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 180 விழுவதும் 220 விழுவதும் ஒரே அவுட்டர்ன் காட்டலாம். ஆனால் முதலாவதில் 240, இரண்டாவதில் 320 என்று கிரேடு இறங்கும் (ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு என்பதுதான் அந்த எண், எண் ஏறினால் பருப்பு சிறிது). அந்த விலை வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

பிப்ரவரி 10, இரவு

30 சதவீத அட்வான்ஸ் பற்றி.

முன்பின் பார்க்காத ஆளுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் பக்கமும் உண்மை இருக்கிறது. ஐவரி கோஸ்ட்டில் புவாக்கே, கொரோகோ பக்கத்துக் கிராமங்களில் விவசாயிக்குக் கையில் காசு வைத்தால்தான் கொட்டை. சீசன் தொடங்கும்போது அந்த நாட்டு அரசு விவசாயிக்கான குறைந்தபட்ச விலையை அறிவிக்கும். அன்றைக்கே கிராமம் கிராமமாகப் பணப்பையோடு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். உங்கள் பார்ட்டியிடம் சொந்த முதல் இல்லை என்றால் அவருக்கு முதலே உங்கள் அட்வான்ஸ்தான். அதாவது அவர் சப்ளையர் இல்லை. உங்கள் காசில் கொட்டை பொறுக்கப் போகும் ஏஜென்ட். அந்த வேலைக்கு அவர் சரியான ஆளாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு உள்ள ஆபத்து வேறு, விலையும் வேறாக இருக்க வேண்டும்.

முதல் கண்டெய்னருக்கு நான் ஒத்துக்கொள்வது இரண்டே வழி. ஒன்று எல்.சி., அதாவது ஒப்பந்தப்படி டாக்குமெண்ட் வந்தால் பணம் தருவோம் என்று நம் வங்கி கொடுக்கும் கடிதம். இல்லையென்றால் வங்கி வழியாக டாக்குமெண்ட் வந்து, பணம் கட்டி எடுப்பது. அதிலும் 2 சதவீதப் பணத்தையாவது நிறுத்திவைத்து, சரக்கை இங்கே இறக்கி வெட்டிப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் போய்விட்டால் காசு மட்டும் போவதில்லை. சரக்கு வந்ததற்கான பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) எங்கே என்று உங்கள் வங்கி மாதாமாதம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஏமாந்தவனுக்கே நோட்டீஸும் வரும்.

அப்புறம் இதைச் சுவரில் ஒட்டி வையுங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் கை நடுங்க வேண்டும். என் சொந்தக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் வந்தது. அதே பெயர், அதே கையெழுத்து, பழைய உரையாடல் முழுக்க அடியில் இருக்கிறது. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் வேறு. பணம் வேறொரு கண்டத்துக்குப் போய்விட்டது. கணக்கு எண் வந்தால், நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் போட்டு, குரலைக் கேட்டு, கடைசி நாலு எண்ணை அவர் வாயால் சொல்லவையுங்கள். அந்த மின்னஞ்சலிலேயே போட்டிருக்கும் எண்ணுக்குப் பேசிவிட்டு உறுதி செய்தேன் என்று சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 12

முதல் கண்டெய்னர் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

2013. சர்டிபிகேட்டில் 48. தூத்துக்குடியில் கதவைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. நனைந்த கோணி வெயிலில் காய்ந்தால் வருமே, அது. மேல் அடுக்கு மூட்டைகளில் வெள்ளையாகப் பூஞ்சை. ஆலையில் வைத்து வெட்டினால் 43. மூட்டைக்கு 5 பவுண்டு குறைகிறது. 200 மூட்டைக்கு 1000 பவுண்டு. அப்பா அப்போது இருந்தார். ராத்தல் கணக்குதான் அவருக்கு வரும். "ஆயிரம் ராத்தல் பருப்பை ஏன்டா கடல்ல போட்டே?" என்றார். 450 கிலோவுக்கு மேல். அந்த வருட லாபம் என்று தனியாக வேறு எதுவும் இல்லை, அதுதான் லாபமே.

சப்ளையருக்குப் படம் அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் அவரும் ஒரு படம் அனுப்பினார். அழகான பருப்பு, வெள்ளைத் தட்டில். என் கொட்டையே இல்லை. "எங்களிடம் ஏற்றும்போது இப்படித்தான் இருந்தது. கடலில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை." ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் தரமும் எடையும் ஏற்றுமிடத்தில் இறுதி என்று ஒரு வரி. கையெழுத்து என்னுடையது. படிக்காமல் போட்டது.

அந்த ஒரு வரிதான் எல்லாம். எடை எங்கே நிற்கிறது, தரம் எங்கே நிற்கிறது? ஏற்றுமிடத்திலா, இறங்குமிடத்திலா? 47 அடிப்படை, ஒவ்வொரு பவுண்டு குறைவுக்கும் விலை விகிதப்படி குறையும், 45க்குக் கீழே போனால் வாங்குபவர் வேண்டாம் என்று சொல்லலாம், இப்படி எழுதியிருக்க வேண்டும். சாம்பிளை மூட்டையின் வாயில் அள்ளக் கூடாது. குத்தூசி போட்டு நடுவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்ததை மூன்று பங்காக்கி சீல் வைத்து விற்பவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, தகராறு வந்தால் பிரிக்க ஒன்று.

மூட்டை வாயில் நல்லதை வைத்து அடியில் பிஞ்சைப் போடுவது ஆப்பிரிக்கக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பண்ருட்டி மண்டியில் பலாப்பழ வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பிப்ரவரி 12, இரவு

மொழி பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர். ஐவரி கோஸ்ட், பெனின், டோகோ எல்லாம் பிரெஞ்சு. நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறதே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா பெரியவரைப் பிடித்தேன். ஸ்பீக்கர் போனில் அவர் பேசுவார், நான் முகத்தைப் பார்ப்பேன். நான் முதலில் கற்றுக்கொண்ட பிரெஞ்சு "பா த் ப்ரொப்ளேம்". பிரச்சினையே இல்லை என்று அர்த்தம். பெரியவர் சொல்வார்: "தம்பி, அவன் இதை ஒரு தடவை சொன்னா பிரச்சினை இல்லை. ரெண்டு தடவை சொன்னா இருக்கு. மூணு தடவை சொன்னா லாரி இன்னும் கிளம்பலை."

பிப்ரவரி 15

சர்டிபிகேட் போதாது, ஒப்பந்தமும் தகராறு வந்த பிறகுதான் உதவும். அப்போது எதுதான் உதவும் என்று தம்பி கேட்கிறார்.

அங்கே நம் ஆள் இருப்பதுதான்.

2015லிருந்து சீசனுக்கு ஒருவரை அனுப்புகிறேன். எங்கள் ஊர்ப் பையன். கொட்டை வெட்டுவதில் அவன் அம்மாதான் அவனுக்கு வாத்தியார். பிப்ரவரி கடைசியில் போவான், மே மாதம் மழை பிடிப்பதற்குள் திரும்புவான். புவாக்கேயில் அறை. அபிஜானிலிருந்து வடக்கே சுமார் 350 கிலோமீட்டர். குடோன்கள் அங்கேதான் நிறைய. துறைமுகத்தில் வந்து பார்ப்பதைவிட அங்கே பார்ப்பது நல்லது. அபிஜானுக்கு வந்த பிறகு வேண்டாம் என்று சொன்னால் லாரிக்காரர், குடோன்காரர், சப்ளையர் மூன்று பேர் முகமும் தொங்கிவிடும், நம் பையனுக்கும் மனசு இளகிவிடும். குடோனில் ஏற்றும் முன் வேண்டாம் என்றால் அது வெறும் வியாபாரம்.

அவன் செய்வது இவ்வளவுதான். லாட் லாட்டாகக் குத்தூசி, வெட்டு, எடை, ஈரமானி. 10க்கு மேல் ஈரம் காட்டினால் தளத்தில் கொட்டிக் காயவை என்பான். வெட்டிய பருப்பைத் தட்டில் பரப்பி, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய சீட்டை வைத்துப் படம் எடுப்பான். கண்டெய்னரில் தரையிலும் பக்கங்களிலும் கிராஃப்ட் காகிதம், தொங்கவிடும் ஈர உறிஞ்சிப் பைகள். அவன் கண் முன்னால் சீல், சீல் எண்ணோடு படம். அவ்வளவுதான் மொத்த ரகசியம்.

முதல் வருடம் அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனான். இப்போது எடுத்துப் போவது ஊறுகாய் மட்டும். அங்கே அட்டியேக்கே என்று ஒன்று, மரவள்ளிக் கிழங்கைப் புளிக்கவைத்துத் திரித்து வேகவைப்பார்கள். பார்க்க ரவை உப்புமா. பொரித்த மீனோடு தின்றால் நம் ஊர் மரவள்ளியெல்லாம் வீணாகப் போகிறதே என்று இருக்கிறதாம். சேலத்துக்காரர்கள் கவனிக்க.

பிப்ரவரி 16

தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் கேட்பது நியாயம். ஒரு கண்டெய்னர் எடுக்கிறவர் எப்படி ஆள் அனுப்புவார்?

முடியாது. 16 டன்னுக்கு விமான டிக்கெட்டும் மூன்று மாதச் சம்பளமும் கட்டாது. இரண்டு மூன்று ஆலைகள் சேர்ந்து ஆளைப் பங்கு போடலாம். ஏற்கெனவே அங்கே நிற்கிற நம் ஊர் ஆட்களிடம் கண்டெய்னர் கணக்கில் கூலி பேசலாம், நிறையப் பேர் இருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் கப்பல் கடலில் இருக்கும்போதே ஹை சீ சேலில் இங்கே இருக்கும் இறக்குமதிக்காரரிடம் வாங்கலாம். லாபம் கொஞ்சம் குறையும். சுங்கம், துறைமுகம், கப்பல் கம்பெனி எல்லாவற்றிலும் கை பழகும். முதல் வருடத்துக்கு அதுவே நல்ல பள்ளிக்கூடம் என்பேன். வரி 2018 பட்ஜெட்டில் 5லிருந்து 2.5 சதவீதமாக இறங்கிய பிறகு சின்னவர்களும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆயிற்று.

பிப்ரவரி 16, மாலை

நம் ஊர் ஆள் என்றால் மட்டும் நம்பலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. 2016ல் நான் கூலிக்குப் பிடித்த ஒருவர் ஒரே கண்டெய்னரைக் காட்டி எனக்கும் இன்னொருவருக்கும் படம் அனுப்பியிருந்தார். ஒரே தட்டு, ஒரே மேசை விரிப்பு. சீட்டில் மட்டும் பெயர் வேறு. விரிப்பில் இருந்த காபிக் கறைதான் காட்டிக்கொடுத்தது.

மார்ச் 1

முதல் கண்டெய்னர் கதை எழுதியதிலிருந்து ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று பரணில் ஏறி 2013ன் டைரியைத் தேடி எடுத்தேன்.

12 வருடத்துக்கு மேலாக, அந்த ஆள் என்னை ஏமாற்றினார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். இங்கேயும் அப்படித்தான் எழுதினேன். டைரியில் இருப்பது வேறு. கப்பல் தூத்துக்குடி வந்தது ஒரு தேதி. நான் பணம் கட்டி டாக்குமெண்ட் எடுத்தது பதினொரு நாள் கழித்து. எனக்கு வர வேண்டிய பருப்புக் காசு வரவில்லை, அதனால் வங்கியை இழுத்தடித்திருக்கிறேன். அது மறந்தே போயிருந்தது. டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், கட்டிய ரசீதுகூட பின் அடித்து வைத்திருக்கிறேன். பதினொரு நாள் தூத்துக்குடி வெயிலில் அடைத்த இரும்புப் பெட்டி. பகலில் கொட்டையின் ஈரம் ஆவியாகி மேலே போகும், இரவில் கூரையில் குளிர்ந்து சொட்டும். உள்ளுக்குள்ளேயே மழை. மேல் அடுக்கில் மட்டும் பூஞ்சை இருந்ததற்குக் காரணம் அதுதான். அடியில் பிஞ்சு வைத்து ஏமாற்றியிருந்தால் அடுக்கு பார்த்தா கெடும்?

முழுக்க என் தவறு என்றும் சொல்ல மாட்டேன். காகித விரிப்பு போடவில்லை, ஈரமும் அதிகமாகத்தான் இருந்திருக்கும். நல்ல அடுக்கிலும் 45தான் விழுந்தது என்று டைரி சொல்கிறது. ஆக மூன்று பவுண்டு அவர் கணக்கு, மீதி என் கணக்கு. அந்த மூன்றுக்கே அவரிடம் சண்டை போட்டிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும். ஐந்துக்கும் போட்டதால் ஒன்றும் கிடைக்கவில்லை.

தம்பி, அதனால் ஒப்பந்தத்தில் இதையும் சேருங்கள். கப்பல் கம்பெனியிடம் இறங்குமிடத்தில் 14 நாளாவது இலவச நாள் வாங்கித் தர வேண்டும், பி.எல்.லில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதில்) அது அச்சாகியிருக்க வேண்டும். வாயால் சொன்ன இலவச நாள் துறைமுகத்தில் செல்லாது. கப்பல் கிளம்பிய 10 நாளுக்குள் டாக்குமெண்ட் நகல் உங்கள் கிளியரிங் ஏஜென்ட் கைக்கு வர வேண்டும். பூச்சிமருந்துச் சான்று, தாவர நலச் சான்று இரண்டிலும் கண்டெய்னர் எண் ஓர் எழுத்து பிசகினாலும் இங்கே நாள்கணக்கில் நிற்கும். நகலிலேயே பிழை பிடித்தால் அங்கே திருத்திவிடலாம். அசல் கூரியரில் ஏறிவிட்டால் போச்சு.

மார்ச் 2

பரணிலிருந்து இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் செலவு 600. இதையும் 2013 நஷ்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 20

தம்பி எழுதியிருக்கிறார்: ஒரு வாரமாக அபிஜான் பார்ட்டி போனை எடுக்கவில்லை, பயமாக இருக்கிறது.

முதலில் மணியைப் பாருங்கள். அவர்கள் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நீங்கள் காலை 9 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே பின்னிரவு மூன்றரை. மதியம் 2 மணிக்குமேல் போடுங்கள். வடக்குப் பக்க வியாபாரிகளில் முஸ்லிம்கள் அதிகம். வெள்ளி மதியமும் நோன்பு மாதத்து மாலையும் தவிர்க்கலாம்.

அப்படியும் எடுக்கவில்லை என்றால் விலை ஏறுகிறது என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான். விலை இறங்கினால் அவர்களே நாளைக்கு நாலு தடவை கூப்பிடுவார்கள். ஏறினால் போன் கெட்டுவிடும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். வியட்நாம்காரர் ஒருவர் பத்து டாலர் கூட்டிக் கேட்டிருப்பார். உங்களுக்கு என்று பேசிய கொட்டை அவர் குடோனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொரு காரணம் நமக்கு இங்கிருந்து தெரியாது. அவர் கொட்டை வாங்குவது சி.எஃப்.ஏ. பிராங்கில், நமக்கு விற்பது டாலரில். அந்த பிராங்க் யூரோவோடு கட்டிப்போட்டது, ஒரு யூரோவுக்கு 655.957 என்று. யூரோ ஏறி டாலர் இறங்கினால், நம்மிடம் அதே விலை வாங்கியும் அவர் கைக்கு வரும் பிராங்க் குறைந்துபோகும். நானோ ரூபாய்க்கு டாலர் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொண்டு, இந்த ஆள் ஏன் திடீரென்று முகத்தைத் திருப்புகிறார் என்று இரண்டு சீசன் குழம்பியிருக்கிறேன். இப்போது காலையில் இரண்டு எண்ணையும் பார்க்கிறேன். யூரோ எகிறிய வாரத்தில் நானே முதலில் போன் போட்டு "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டுவிடுவேன். சில சமயம் ஐந்து டாலர் கூட்டிக் கொடுப்பேன். ஓடிப்போன கொட்டையைத் தேடுவதைவிட அது மலிவு.

மார்ச் 21

ஐந்து டாலர் கூட்டிக் கொடுப்பது கெட்ட பழக்கம் என்று கொல்லத்து நண்பர் திட்டுகிறார். இருக்கலாம். அவர் 50 கண்டெய்னர் எடுப்பவர், அவர் சொல்லுக்கு அங்கே எடை உண்டு. நான் கூட்டிக் கொடுத்துத்தான் எடையேற்ற வேண்டும்.

ஏப்ரல் 5

ஒரே நாட்டை நம்பாதீர்கள் என்று அண்ணாச்சி எழுதியதற்கு இரண்டு உதாரணம்.

2018 நவம்பரில் தான்சானியாவில் தனியார் வியாபாரிகள் கேட்ட விலை போதாது என்று அதிபர் மகுஃபுலி மொத்தக் கொட்டையையும் அரசே கிலோ 3,300 ஷில்லிங்குக்கு வாங்கும் என்று அறிவித்து ராணுவத்தை இறக்கினார். அக்டோபர் தொடங்கி வரும் தான்சானியாக் கொட்டையை நம்பித்தான் இங்கே பல ஆலைகளில் ஜனவரி வேலை ஓடும். அந்த வருடம் ராணுவ லாரிப் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பெனின் 2024 ஏப்ரல் முதல் பச்சைக் கொட்டையை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. பருப்பாக்கித்தான் வெளியே போக வேண்டும். பெனினின் கொட்டோனூ துறைமுகத்துக் கொட்டைக்குப் பழகிய ஆலைகள் திணறின. கோபம் வந்தது உண்மை. ஆனால் நாம் அந்த இடத்தில் இருந்தால் வேறென்ன செய்வோம்? மரம் அவர்களுடையது, வெயில் அவர்களுடையது. உடைக்கும் கூலி மட்டும் பண்ருட்டிக்கும் வியட்நாமுக்கும் என்றால் எத்தனை நாள் சும்மா இருப்பார்கள்?

ஏப்ரல் 6, விடியவில்லை இன்னும்

2018 என்று எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. சப்ளையர் ஏமாற்றுவது பற்றியே இவ்வளவும் எழுதியிருக்கிறேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

2017ல் விலை உச்சத்தில் இருந்தது. 2018 தொடக்கத்திலும் அதே சூட்டில் ஐந்து கண்டெய்னர் பேசினேன். கப்பல் வருவதற்குள் சந்தை சரிந்துவிட்டது. டன்னுக்கு 200 டாலருக்கு மேல் எனக்கு நஷ்டம். என்ன செய்தேன்? டாக்குமெண்ட் வங்கியில் வந்து கிடந்தது, எடுக்கவில்லை. தரம் சரியில்லை என்று சாக்கு சொன்னேன். அவுட்டர்ன் 48, குறையே இல்லை.

இங்கே ஒரு விஷயம் தெரியாதவர்களுக்கு. சரக்கு நம் பெயரில் இந்தியத் துறைமுகத்துக்கு வந்துவிட்டால், வேறு ஆளுக்கு மாற்றி விற்கவோ திருப்பி அனுப்பவோ நம்முடைய ஆட்சேபணையில்லாக் கடிதம் வேண்டும். அதை நான் கொடுக்கவில்லை. நாளுக்கு நாள் கண்டெய்னர் வாடகை ஏறியது. அவர் புவாக்கேயில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? மூன்று வாரத்தில் 180 டாலர் இறங்கி வந்தார். எடுத்துக்கொண்டேன். சாமர்த்தியம் என்றே அப்போது நினைத்தேன். கடையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்ததாக ஞாபகம்.

அந்த வருடம் நான் மட்டும் இல்லை, பலர் அப்படித்தான் செய்தார்கள். அடுத்த சீசன் புவாக்கேயில் எவரும் எல்.சி. இல்லாமல் எனக்குக் கொட்டை தரவில்லை. வேறு வழியில்லாமல் கூடுதல் விலைக்கு இங்கேயே வாங்கினேன். நான் பேரம் பேசி வாங்கிய 180 அப்படியே போயிற்று. போன வருடம் எங்கள் பையன் குடோன் வாசலில் அவரைப் பார்த்திருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டாராம். பண்ருட்டி என்றதும் என் பெயரைச் சரியாக உச்சரித்து, "இருக்கிறாரா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பினாராம். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அபிஜான் பார்ட்டி ஏன் 30 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார் என்று பிப்ரவரியில் பெரிய விளக்கம் கொடுத்தேன் அல்லவா? முதல் இல்லை என்றேன். இன்னொரு காரணம் நான். நான் மாதிரி ஆட்கள்.

ஏப்ரல் 6, காலை

கண்டெய்னர் எண்ணிக்கை ஐந்து இல்லை, நாலு. கணக்குப்பிள்ளை திருத்தினார். மற்றதெல்லாம் சரி.

ஏப்ரல் 22

தம்பி செய்தி: பக்கத்து இரண்டு ஆலைகளோடு சேர்ந்து மூன்று கண்டெய்னர். அட்வான்ஸ் இல்லை. எல்.சி., 47 அடிப்படை, 45 எல்லை, எடை தூத்துக்குடியில். அபிஜான்காரர் கடைசியில் ஒத்துக்கொண்டாராம், டன்னுக்குப் பதினைந்து டாலர் கூட்டி. நல்லது. புவாக்கேயில் எங்கள் பையன்தான் வெட்டிப் பார்க்கிறான். சீசன் கடைசிக்கு வந்துவிட்டோம், மழை தொடங்கினால் ஈரம் கூடும், அவுட்டர்ன் இறங்கும். மே முதல் வாரத்துக்குமேல் ஏற்றாதே என்று எல்.சி.யிலேயே கடைசித் தேதி போட்டிருக்கிறார்கள். கேட்காமலே செய்திருக்கிறார், தேறிவிட்டார்.

ஏப்ரல் 29

பையன் ஒரு லாட்டை வேண்டாம் என்றுவிட்டான். ஈரம் 12. பார்ட்டி தம்பிக்கு இரவு 1 மணிக்குப் போன் போட்டு, அந்தப் பையனை மாற்று என்கிறார். மாற்ற வேண்டாம். சம்பளத்தைக் கூட்டுங்கள்.

ஜூன் 14

காடாம்புலியூர் போய் வந்தேன். மூன்றும் வந்துவிட்டன. கொழும்பில் கப்பல் மாறி 41 நாள். கதவைத் திறக்கும்போது நானும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். கோணி வாடை இல்லை, காய்ந்த கொட்டை வாடைதான்.

தம்பியின் அம்மாவே உட்கார்ந்து வெட்டினார்கள். முதல் கண்டெய்னர் 47.3, இரண்டாவது 47.1, மூன்றாவது 46.2. கிலோவுக்கு 194 கொட்டை. மூன்றாவதில் நாலு மூட்டை கிழிந்து எடை குறைவு. நான் இன்னொரு தட்டு வெட்டிப் பார்க்கலாம் என்றேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவதற்கு 0.8 பவுண்டு கிளெய்ம் எழுதியாகிவிட்டது. நாலு மூட்டைக்கும் தனியாக. நல்லது, புள்ளி, சொத்தை மூன்றையும் ஒரே தட்டில் பிரித்துவைத்து, சீட்டு வைத்து, முதல் இரண்டு கண்டெய்னரின் நல்ல கணக்கையும் சேர்த்தே அனுப்பச் சொன்னேன். மதியம் இரண்டே முக்காலுக்கு அனுப்பினார். மூன்று மணிக்குள் பதில்.

பா த் ப்ரொப்ளேம். ஒரு தடவைதான்.